வைனாண்டின் பெட்டிமேல் போட்ட கொடி

அண்ணன் வைனாண்ட் செத்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அலெட்டா பண்ணைக்குப் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் முகத்தில் அடித்தது. எலி மூத்திரமும் மக்கிய சாக்கும் சேர்ந்து ஊறின நாற்றம். அண்ணனின் உடம்பு ரீட்பான் ஊரில், குளிர்ப்பெட்டியில் இருந்தது. வீட்டில் நாறுவதற்கு ஒன்றும் இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பண்ணையில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் புலெங் தரையில் மண்டி போட்டு, தகரத் தொட்டியில் ஏதோ பெரிய துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பச்சை சோப்புக் கட்டி பக்கத்தில் கரைந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருந்தது. மேலே வைக்கோல் துணுக்கும் எலிப்புழுக்கையும் மிதந்தன. ஜன்னல் திரையைத்தான் கழற்றித் துவைக்கிறாள் என்று அலெட்டா நினைத்தாள். புலெங் துணியைத் தூக்கிப் பிழிந்தபோது ஆரஞ்சு தெரிந்தது, அப்புறம் வெள்ளை, அப்புறம் நீலம். வெள்ளையின் நடுவில் ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிக் கொடிகள்.

அலெட்டா கைக்குட்டையை இறக்கினாள்.

"என்ன புலெங் இது?"

"கொடி, டீச்சர்."

"கொடின்னு எனக்குத் தெரியாதா? இதை யாரு வெளிய எடுத்தது?"

"சின்ன முதலாளி. நேத்து சாயங்காலம் கொட்டகை பூராத் துழாவி எடுத்தாரு. நாளைக்கு அப்பா பெட்டிமேல போடணுமாம். துவைச்சு, காயவெச்சு, இஸ்திரி போட்டுக் குடுன்னாரு." புலெங் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "மூணு தண்ணி மாத்திட்டேன். நாத்தம் போகமாட்டேங்குது."

சின்ன முதலாளி என்றால் டிரிக்கஸ், வைனாண்டின் ஒரே மகன், நாற்பத்தொரு வயது. பிரிட்டோரியா பக்கம் வீடுகளுக்கு மின்சாரக் கதவும் கம்பி வேலியும் விற்கிறான். அப்பாவைப் பார்க்க அவன் கடைசியாக வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பெரியவர் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். அந்த நாலு வருஷமும் குளிப்பாட்டியது, கழுவியது, களி கிண்டி ஊட்டியது எல்லாம் புலெங். ஊரில் இருக்கும் தங்கச்சி அலெட்டா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஒரு மணி நேரம் உட்காருவாள். அவ்வளவுதான்.

அந்தக் கொடியின் கதை அலெட்டாவுக்குத் தெரியும். தொண்ணூற்று நாலு ஏப்ரலில், வெள்ளையர் ஆட்சி முடிந்து நாட்டுக்குப் புதுக் கொடி வந்த வாரம், வைனாண்ட் முற்றத்துக் கம்பத்திலிருந்து அதை அவரே இறக்கினார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. சுருட்டிக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டார். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் அது விதைச்சோள மூட்டைகளை மூடுகிற துணியாக இருந்தது. கோழி அதன்மேல் அடைகாத்தது. ஒரு பூனை குட்டி போட்டது. பம்புசெட்டுக்கு எண்ணெய் விட்ட கையை வைனாண்ட் அதில் துடைத்ததை அலெட்டாவே பார்த்திருக்கிறாள்.

"அவரே போடச் சொன்னாராமா?"

"சின்ன முதலாளி அப்படித்தான் சொல்றாரு."

"உன்கிட்ட எப்பவாவது சொன்னாரா?"

புலெங் தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தாள். "என்கிட்ட அவரு கேட்டது ரெண்டுதான். ரொட்டிக்கு ஆப்ரிகாட் ஜாம். அப்புறம், ஆட்டுப்பட்டிக் கதவு சாத்தியாச்சான்னு. பேச்சு குழறும். ஆனா இந்த ரெண்டும் தெளிவா வரும்."

"அப்ப எழுந்திரு. விடு அதை. நீ இதைத் துவைக்கக் கூடாது."

"ஏன் டீச்சர்?"

"ஏன்னா... இது என்ன கொடின்னு உனக்குத் தெரியாதா? இதை வெளிய காட்டுறதே வெறுப்புப் பேச்சுன்னு ரெண்டு மாசம் முன்னாடி கோர்ட்டே சொல்லியாச்சு. உன்னைப் போய் இதைத் துவைக்கச் சொல்றானே, அவனுக்குக் கூச்சமே இல்லையா?"

புலெங் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது. "டீச்சர், நாலு வருஷம் பெரியவரோட பீத்துணி துவைச்சிருக்கேன். அது எனக்கு அருவருப்பா இருந்ததில்ல. வயசான உடம்பு, என்ன பண்ணும் பாவம். இதுதான் கையில புழு ஊர்ற மாதிரி இருக்கு. ஆனா எனக்கு வீடு இந்தப் பண்ணையில. வீட்டுச் சாவி இப்ப அவரு கையில." ஈரத் துணியை மறுபடி தொட்டியில் அமுக்கினாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "ஒண்ணு மட்டும் பண்ணேன். இதைத் தொடுறதுக்கு முன்னாடி நான் கையைக் கழுவல."

அலெட்டாவுக்குப் புரியவில்லை.

"எங்கம்மா சொல்லியிருக்காங்க. ஸ்கூல் விடுதியில துணி துவைச்சாங்களே, மோசா. குடியரசு விழாவுக்கு முந்தின நாள் ஸ்கூல் கொடி சேத்துல விழுந்திருச்சு. நீங்க எங்கம்மாவைக் கூப்பிட்டு, டெட்டால் போட்டுக் கையைக் கழுவிட்டு வா, அப்பத்தான் கொடியைத் தொடணும்னு சொன்னீங்க. ரெண்டு தடவை கழுவச் சொன்னீங்களாம். பக்கத்துல நின்னு பார்த்தீங்களாம்."

எண்பத்தொன்று மே மாதம். அலெட்டாவுக்கு இருபத்தொன்பது வயது, சரித்திர ஆசிரியை. அந்த விழாவை அவள் மறந்ததே இல்லை. உறைபனி படிந்த மைதானம், வரிசையாக நின்ற பிள்ளைகள், கம்பத்தில் ஏறின கொடி, தான் அடித்த சல்யூட், எல்லாம் ஞாபகம் இருந்தது. மோசா மட்டும் அந்த ஞாபகத்தில் எங்கேயும் இல்லை. இப்போது புலெங் சொன்னதும், ஒரு வாளியும், மருந்து நெடியும், வெளிறிப்போன இரண்டு உள்ளங்கைகளும் எங்கிருந்தோ எழுந்து வந்தன. பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னவள் தான்தான். அந்தக் குரல்கூட ஞாபகம் வந்தது.

கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று காலையில் குடித்த ரூய்போஸ் தேநீர் பூராவையும் கக்கினாள்.

*

டிரிக்கஸ் காலை பதினோரு மணிக்கே நெருப்பு மூட்டியிருந்தான். கூட வந்த ரக்பி கிளப் சிநேகிதர்கள் இரண்டு பேர் மடக்கு நாற்காலிகளில் கால் பரப்பி உட்கார்ந்து, கோலாவில் பிராந்தி கலந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பி வலையில் ஆட்டு விலாவின் கொழுப்பு உருகிச் சொட்டியது. ஈக்கள் மொய்த்தன. செத்தவன் வீட்டு முற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

"வாங்க அத்தை, உட்காருங்க," என்றான் டிரிக்கஸ். கண் அழுத மாதிரி சிவந்திருந்தது. பிராந்தியாகவும் இருக்கலாம். "கறி ஒரு துண்டு போடட்டுமா?"

"கொடியை எடுத்து எரிச்சிடு டிரிக்கஸ். நெருப்புதான் தயாரா இருக்கே."

சிநேகிதர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரிக்கஸ் இடுக்கியைக் கீழே வைத்தான்.

"அத்தை, இது அப்பாவோட ஆசை."

"எப்பச் சொன்னாரு? போன வருஷம் ஆகஸ்டுலயா? அப்பத்தானே நீ கடைசியா வந்தே. அப்பவே அவருக்கு வாய் கோணிப் போச்சு."

"சொல்லித்தான் தெரியணுமா? அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும். அவரு அந்தக் கொடிக்குக் கீழ எல்லையில சண்டை போட்டவரு. அது நம்ம சரித்திரம். நம்ம ரத்தம். கோர்ட்டுல எவனோ ஒருத்தன் சொன்னா நான் விட்டுடணுமா?"

ரத்தம் என்றதும் ஒரு சிநேகிதன் தம்ளரைத் தூக்கிக் காட்டினான். அவன் முகவாயில் கொழுப்பு வழிந்துகொண்டிருந்தது.

முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தியவளுக்குச் சரித்திரம் என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. "நம்ம சரித்திரமா? சரி. கொடி நடுவுல மூணு குட்டிக் கொடி இருக்கே, அதெல்லாம் என்னன்னு சொல்லு பார்க்கலாம்."

"மூணும் நம்ம பழைய போயர் குடியரசுங்க."

"தப்பு."

"என்ன தப்பு? ஃப்ரீ ஸ்டேட், டிரான்ஸ்வால்..." என்று ஆரம்பித்தவன் மூன்றாவதற்கு சிநேகிதர்களைப் பார்த்தான். "நட்டாலு," என்றான் முகவாயில் கொழுப்பு வழிந்தவன்.

"நடுவுல தொங்குறது ஃப்ரீ ஸ்டேட். வலது பக்கம் டிரான்ஸ்வால். கம்பத்து ஓரமா, முதல் இடத்துல உட்கார்ந்திருக்கிறது இங்கிலீஷ்காரன் கொடி. உன் தாத்தாவோட அத்தைங்க ரெண்டு பேரு, நாலு வயசும் ஏழு வயசும், போயர் சண்டையில இங்கிலீஷ்காரன் அடைச்சு வெச்ச முகாம்ல அம்மை போட்டுச் செத்தாங்களே, அந்த முகாம்ல பறந்துச்சே, அந்தக் கொடி. சின்ன வயசுல அவங்க கல்லறையில பூ வைக்க நான்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன். நீ அப்ப அழுதே. நாளைக்கு அந்தக் கொடியைத்தான் உங்கப்பன் நெஞ்சு மேல போடப் போறே."

டிரிக்கஸ் சிநேகிதனின் தம்ளரை வாங்கி ஒரு மடக்கு குடித்தான்.

"இன்னும் கேளு. இருபத்தேழாம் வருஷம் அந்த இங்கிலீஷ் கொடி வேணுமா வேண்டாமான்னு இங்கிலீஷ்காரனும் நம்ம ஆளுங்களும் அடிச்சுக்காத குறை. கடைசியில சமாதானத்துக்காக மூணையும் சின்னதா தைச்சு நடுவுல ஒட்டினாங்க. உன் கொள்ளுத்தாத்தா சாகுற வரைக்கும் அதைப் பொருக்குன்னுதான் சொன்னாரு. புண்ணு மேல காய்ஞ்சு கிடக்குமே, அந்தப் பொருக்கு. ஆரஞ்சும் வெள்ளையும் நீலமும் நம்ம முன்னோருங்க விட்டு வந்த ஹாலந்து நாட்டு இளவரசனோடது. ஹாலந்துக்காரனே எப்பவோ அந்த ஆரஞ்சைத் தூக்கிப் போட்டுட்டுச் சிவப்புக்கு மாறிட்டான். இது உன் ரத்தமா? நீ ஸ்கூல் முடிக்கும்போது புதுக் கொடி வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சுடா. நீ இதுக்கு ஒரு நாளாவது சல்யூட் அடிச்சிருக்கியா?"

"நீங்க அடிச்சீங்கல்ல அத்தை," என்றான் டிரிக்கஸ். "வருஷா வருஷம் அடிச்சீங்க. எல்லாருக்கும் கத்துக் குடுத்ததே நீங்கதான். இப்ப காத்து மாறினதும் உங்களுக்கு நாறுதா?"

சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மை. ஆரஞ்சு என்றால் வீரம், வெள்ளை என்றால் தூய்மை என்று படம் மாட்டி நடத்தியவள் அவள்தான். இந்த நாட்டு ஜனங்கள் எல்லாரும் இந்த மூன்று குட்டிக் கொடிக்குள் அடக்கம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள். சொன்ன நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே விடுதிப் போர்வைகளைத் துணிக்கொடியில் காயப்போடும் கறுப்பினப் பெண்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தார்கள். அவர்கள் எந்தக் கொடிக்குள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

"ஆமா, நாறுது," என்றாள் கடைசியில். "நானும் சேர்ந்துதான் நாறுறேன். அதுக்காக புலெங் கையில அதைக் குடுப்பியா?"

டிரிக்கஸ் முகம் இறுகியது. "ஓ, அவ போய் உங்ககிட்ட அழுதாளா? துவைக்க இஷ்டமில்லைன்னா சொல்லட்டும். மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகட்டும். பண்ணையை எப்படியும் விக்கத்தான் போறேன். ஆளில்லாத வீடுன்னா நல்ல விலை வரும்."

"அவ ஒரு வார்த்தை சொல்லலடா. நான்..."

"அப்ப நீங்க சொன்னதா வெச்சுக்கிறேன். அவ கணக்குலதான் கழிச்சுக்குவேன்." இடுக்கியை எடுத்துக் கறியைத் திருப்பிப் போட்டான். கொழுப்பு நெருப்பில் விழுந்து சீறியது. அந்தப் புகை தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும் என்று அலெட்டா பின்னால் நகர்ந்தாள்.

சமையலறைக்குத் திரும்பி வந்தபோது புலெங் தொட்டியைக் காலி செய்துவிட்டிருந்தாள். கொடி வெளியே கம்பியில் தொங்கியது. வெள்ளைப் பட்டையில் பம்புசெட்டு எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. ஆரஞ்சுச் சாயம் வேறு கொஞ்சம் இறங்கி, வெள்ளை, பல்லில் மஞ்சள் படிந்த மாதிரி ஆகியிருந்தது.

"எல்லாம் காதுல விழுந்துச்சு," என்றாள் புலெங்.

"அவன் உன்னை வெளிய அனுப்பினா என் வீட்டுக்கு வந்துடு புலெங். எனக்கும் தனியா இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன்."

"எந்த ரூம் டீச்சர்?"

அலெட்டா தடுமாறினாள். அவள் வீட்டில் மூன்று படுக்கையறை இருந்தது. ஆனால் புலெங் கேட்டதும் அவள் கண்முன் வந்தது பின்கட்டு அறை. ஒரு சின்ன ஜன்னல், வெளியில் தனிக் கக்கூஸ். வேலைக்காரிக்கென்று கட்டினது. அவள் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"அதான் கேட்டேன்," என்றாள் புலெங். குரலில் கோபமே இல்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

*

சனிக்கிழமை காற்று பலமாக அடித்தது. தேவாலயத்துக்குள் எல்லார் வாயிலும் வசந்தத்துத் தூசி கரகரத்தது. போதகர் லூபேயை அலெட்டா காலையிலேயே போய்ப் பார்த்திருந்தாள். அவர் ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "குடும்ப விஷயத்துல நான் எப்படிம்மா தலையிடறது? பெட்டிமேல என்ன போடறதுன்னு சபைச் சட்டத்துல இல்லையே," என்றார். "பூ நிறைய போடச் சொல்றேன். பாதி மறைஞ்சிடும்." அலெட்டா அவர் கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

பெட்டி சக்கர வண்டியில் உள்ளே வந்தது. முன்னால் டிரிக்கஸ், பின்னால் சிநேகிதர்கள். பூ போட்டிருந்தார்கள், ஆனால் கால் பக்கத்தில். நெஞ்சுப் பக்கம் பூராவும் கொடி. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. எண்ணெய்க் கறை சரியாக நடுவில், மூன்று குட்டிக் கொடிக்குப் பக்கத்தில் இருந்தது. வரிசைகளில் கசமுசவென்று பேச்சு எழுந்தது. யாரோ ஒரு கிழவர் எழுந்து விறைப்பாக நின்றார். இன்னொருவர் எழுந்தார். இரண்டு மூன்று பேர் கைபேசியைத் தூக்கினார்கள். ஒரு குடும்பம் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனது. மற்ற எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அதுதான் அலெட்டாவுக்குத் தாங்கவில்லை. நின்ற கிழவர்களைவிட, எதையும் பார்க்காத மாதிரி பக்கம் புரட்டின அந்த விரல்கள்.

அவள் முன்வரிசையிலிருந்து எழுந்து போய்க் கொடியின் முனையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை!" டிரிக்கஸ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். "விடுங்க அத்தை. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

"உங்களுக்குப் பைத்தியமா?"

அவள் இழுத்தாள். அவனும் இழுத்தான். அறுபத்தேழு வயதுக் கிழவியும் ஆறடி உயர ஆளும் ஒரு பிணத்தின் மேல் துணிக்காக மல்லுக்கட்டினார்கள். முந்தின நாள் பிராந்தி அவன் மூச்சில் புளித்து வந்தது. துணியிலிருந்து, அத்தனை சோப்பையும் தாண்டி, எலி நாற்றம் மெல்ல எழும்பியது. வண்டிச் சக்கரம் நகர்ந்தது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஏதோ இடம் பெயர்ந்து மரத்தில் இடித்த சத்தம் கேட்டது. அது அண்ணனின் தலையா தோளா என்று நினைத்ததும் அவள் கை தானாக விட்டது.

"ஜெபம் பண்ணுவோமாக," என்றார் போதகர் லூபே அவசரமாக.

அலெட்டா திரும்பி நடு வழியாக வெளியே நடந்தாள். கடைசி வரிசையில் புலெங் கறுப்புத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பார்ப்பாள் என்று அலெட்டா எதிர்பார்த்தாள். புலெங் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கல்லறைக்கு அலெட்டா போகவில்லை. வேலிக்கு வெளியே காரில் உட்கார்ந்து பார்த்தாள். பெட்டியைக் குழியில் இறக்குவதற்கு முன்னால் டிரிக்கஸ் கொடியை உருவினான். சிநேகிதர்கள் மடிக்க உதவினார்கள். காரின் பின்கதவைத் திறந்து, பீர் வைத்திருந்த ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடினான். அப்பாவின் ஆசை என்றானே, அப்பாவுடன் மண்ணுக்குள் அனுப்பக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. ஞாபகார்த்தத்துக்கு வேண்டுமாம். அலெட்டா கார் ஜன்னலை இறக்கி வெளியே காறித் துப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

*

வீடியோ திங்கட்கிழமைக்குள் நாடு பூராவும் போய்விட்டது. பாதிப் பேர் அவளை வீராங்கனை என்றார்கள், பாதிப் பேர் இனத் துரோகி என்றார்கள். வாசல் கதவில் யாரோ பன்றித் தோலைத் தொங்கவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவள் யாரையும் உள்ளே விடவில்லை. பாராட்டு அவளுக்கு அந்தத் தோலைவிட மோசமாக நாறியது. வாளியும் மருந்து நெடியும் அந்த வீடியோவில் இல்லையே.

புளூம்ஃபோன்டெயினில் யாரோ டிரிக்கஸ் மேல் புகார் கொடுத்தார்கள். அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அத்தை, அப்பா ஆசைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நம்ம குடும்பம் அத்தை."

"அவரு ஆசை ஆப்ரிகாட் ஜாம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். விசாரிக்க வந்த வக்கீலிடமும் அதையேதான் சொன்னாள். கடைசியில் அவன் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் தப்பித்தான். அதைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்றிருந்தது. அலெட்டா அந்தப் பேப்பரை உருளைக்கிழங்குத் தோல் உரித்துப் போட விரித்தாள்.

புலெங் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் வந்த செய்தி அவளுக்கு ஆறு வாரம் கழித்து மாவுக் கடையில்தான் தெரிந்தது. புலெங் அதற்குள் தானே பஸ் ஏறிப் போய், பண்ணைக் குடிகளுக்காக வழக்காடும் ஒரு வக்கீலைப் பிடித்திருந்தாள். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அவளை யாரும் அசைக்க முடியாது என்று அவர் டிரிக்கஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பண்ணை விற்பனை நின்றுபோயிருந்தது.

அலெட்டா அன்றைக்கே பண்ணைக்கு வண்டியை விட்டாள். புலெங் வீட்டு வாசலில் நின்று சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வந்திருப்பீங்க, டீச்சர்."

"வந்திருப்பேன்தான்!"

"அதான் சொல்லல." புலெங் சோளக் கதிரைக் கீழே வைத்தாள். "அன்னிக்குக் கோயில்ல நான் பெரியவருக்காக அழ வந்தேன். நாலு வருஷம் கூடவே இருந்தவ. அவரு போறதை ஒழுங்காப் பார்க்கணும்னு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் அவரு மேல நின்னு துணிக்கு அடிச்சுக்கிட்டீங்க. பெட்டி சாய்ஞ்சப்ப எனக்கு உயிரே போச்சு. யாரும் அவரைப் பார்க்கல. நீங்களும்தான் பார்க்கல."

அலெட்டா தலையைக் குனிந்துகொண்டாள். நான் செய்தது உனக்காக என்று ஒரு பேச்சு தொண்டை வரை வந்தது. அது பொய் என்று வரும்போதே தெரிந்தது. மோசாவின் கை அவளைத் துரத்தியது. அதிலிருந்து தப்பிக்கத்தான் அவள் ஓடிப்போய்க் கொடியைப் பிடித்தாள்.

"உங்கம்மாகிட்ட நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு. அதை என்கிட்ட சொல்லி என்ன பண்ண? நான் அவங்களுக்குப் பதிலா சரின்னு சொல்ல முடியாது." புலெங் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு காகிதத்தோடு வந்தாள். "வந்ததுக்கு ஒண்ணு செய்யுங்க. நான் இந்தப் பண்ணையில எந்த வருஷத்துலேர்ந்து இருக்கேன்னு சாட்சி வேணுமாம் வக்கீலுக்கு. எழுதித் தருவீங்களா?"

மறுநாள் இருவரும் ரீட்பான் போலீஸ் ஸ்டேஷனில் மர பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அலெட்டா வகுப்பில் எழுதிய அதே சாய்வெழுத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் புலெங் வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"எண்பத்தொன்பது இல்ல டீச்சர். எண்பத்தாறு. எங்க மூத்தவ பொறந்த வருஷம்."

"மன்னிச்சுக்குங்க," என்றாள் அலெட்டா. புலெங்கை அவள் அப்படி மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. புலெங் கவனித்தாளா என்று தெரியவில்லை.

அலெட்டா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொரு தாள் வாங்கி முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினாள். போலீஸ்காரர் முத்திரை குத்தினார். புலெங் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, பித்தானைப் போட்டாள். டாக்சி நிற்கும் இடத்துக்குப் போகிறேன் என்றாள். நான் கொண்டுவிடுகிறேன் என்று அலெட்டா சொன்னாள்.

"வேண்டாம் டீச்சர், காசு வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் புலெங் சாலையைக் கடந்தாள்.